உளித் தொட்டித் தண்ணீர்

"எந்தத் தண்ணிய ஊத்தினே?" என்று தர்ஸ்டன் சாமியார் என் புருஷன் லெஃப்வினிடம் கேட்டார்.

லெஃப்வின் உளி தீட்டும் தொட்டியைக் காட்டினான்.

கோயிலின் தெற்கு வாசல் வளைவு பாதிதான் முடிந்திருந்தது. இடது பக்கம் லெஃப்வின் செதுக்கிய, அலகு நீண்ட பறவைத் தலைகள் வரிசையாகக் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தன. வலது பக்கம் இன்னும் வெறும் கல். எனக்கு நிற்கத் தெம்பில்லை, செதுக்காத கல் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் பிள்ளை. அன்று காலை பிறந்த ஆண் பிள்ளை. செத்துப்போயிருந்தான்.

ஊர்ப் பெண்கள் எல்லாரும் புல் அறுக்கப் போயிருந்தார்கள், மருத்துவச்சி உட்பட. லெஃப்வினுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்த இடத்தில் எனக்கு வலி கண்டது. கல்கொட்டகையிலேயே பெற்றேன். அவனைத் தவிர பக்கத்தில் ஓர் ஆள் இல்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோயில் மண்ணில் இடம் கிடையாது. கோயிலைச் சுற்றிய பள்ளத்துக்கு அப்பால், நாய் தோண்டுகிற இடத்தில்தான் புதைக்க வேண்டும். மோட்சமும் கிடையாது. சாகக் கிடக்கும் பிள்ளைக்கு மூச்சு இருக்கும்போதே யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும், சாமியாரே வேண்டும் என்பதில்லை.

சாமியார் தொட்டியில் கைவிட்டு அள்ளினார். சிவப்புக் கல் தூசி கலந்து தண்ணீர் சிவந்து கிடந்தது.

"தண்ணியாடா இது? சேறு. சேத்துல கொடுத்தா செல்லாது."

"தூசி அடியில படிஞ்சிருந்துச்சு சாமி. மேலாப்புல தெளிஞ்சதத்தான் அள்ளினேன்."

பிள்ளை செத்துக் கிடக்கிறான், இந்த மனுஷன் தண்ணீரை நோட்டம் பார்க்கிறார்! ஆனால் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கூரை விளிம்புக்கு அடியில் லெஃப்வின் செதுக்கிய பன்றிக்கு அவருடைய மூக்கைத்தான் வைத்திருக்கிறான். கண்டும் காணாததுபோல் ஒரு வருஷமாக அதற்கடியில் போய்வருகிறவர் அவர்.

"என்ன வார்த்தை சொன்னே?"

லெஃப்வின் கொட்டகை ஓரத்தில் நின்ற புது ஞானஸ்நானத் தொட்டியிடம் போனான். எழுத்துத் தெரியாதவன். ஆனால் அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் வார்த்தைகளை வெட்டியது அவன் கை. சாமியார் கரிக்கட்டையால் எழுதித் தர, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டுக் கேட்டு ஒரு மாதம் வெட்டினான். இப்போது அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னான்.

"ஓஸ்வின், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

ஓஸ்வின். என் பிள்ளையின் பெயரை நானே அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஒரு வார்த்தை பிசகவில்லை. சாமியார் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"யோசிச்சுச் சொல்லு லெஃப்வின். தண்ணி ஊத்தினவன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். பிள்ளையோட ஆத்தாளுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. நீயே ஊத்தினேன்னா, இனிமே நீயும் இவளும் புருஷன் பொண்டாட்டியா இருக்க முடியாது. ஒரே வீட்டுல படுக்கக் கூடாது."

"ஊத்தலேன்னு சொன்னா?"

"பள்ளத்துக்கு அந்தப் பக்கம்."

லெஃப்வின் என்னைப் பார்த்தான்.

ஆறு வருஷம் ஊரே என்னை மலடி என்றது. அவன் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. குளிர் காலத்தில் என் பாதத்தைத் தன் காலுக்கிடையில் வைத்துச் சூடு பண்ணித் தூங்குவான். அவன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. மடியைப் பார்த்தேன், சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது.

"நான்தான் ஊத்தினேன் சாமி," என்றான்.

முடிந்தது என்று நினைத்தேன். சாமியார் என் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தன் சொன்னா போதாது. ஏம்மா, நீ சொல்லு. தண்ணி பட்டப்போ பிள்ளை என்ன பண்ணான்? அசைஞ்சானா? அழுதானா?"

லெஃப்வின் தலையைக் குனிந்துகொண்டான். இப்படியொரு கேள்வி வரும் என்று அவன் நினைக்கவில்லை.

"அழுதான் சாமி," என்றேன். "தண்ணி சில்லுன்னு இருந்துச்சுல்ல, வீல்னு கத்தினான். கால உதைச்சான். அப்பன் விரல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டான்."

சொல்லச் சொல்ல எனக்கே அந்த அழுகை கேட்டது. லெஃப்வின் புதுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சாமியார் சிலுவை போட்டார். குழி வெட்டுகிறவனுக்கு ஆள் அனுப்பினார். தெற்குச் சுவரோரம், கோயில் கூரையில் பட்ட புண்ணியத் தண்ணீர் சொட்டுகிற இடத்தை அவரே காலால் கோடு கிழித்துக் காட்டினார். பொழுது சாய்வதற்குள் லெஃப்வின் தன் படுக்கையைச் சுருட்டிக் கல்கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டான்.

மூன்று நாளாக வயிற்றில் அசைவில்லை என்பதை நான் அவனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அன்று காலை கொட்டகையில் அவன் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான், வாயில் ஊதினான், காதுக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். உளித் தொட்டிப் பக்கம் அவன் போகவே இல்லை.

பிறக்கும்போதே பிள்ளை குளிர்ந்திருந்தான்.