விலகி நிற்கும் வகுப்பு

தொழிற்பள்ளிப் பட்டறைக் கூரையின் ஓட்டை வழியே வெயில் இரும்பு கடையும் புது லேத்தின் மேல் காசளவு விழுந்து கிடக்கிறது. பழைய லேத் படுத்த நாளிலிருந்து வாத்தியார் கரும்பலகையில்தான் வரைந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். சாக்பீஸ் லேத் யார் விரலையும் கடித்ததில்லை. இன்று நிஜத்தை ஓட்டிக் காட்டினால்தான் வேலை தங்கும். எதிரே, தரம் பார்க்க வந்த அதிகாரி பேனாவைத் திறந்தபடி நிற்கிறார். "பசங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது. உங்க வாத்தியாருக்கு எவ்வளவு தெரியும்னுதான் பாக்கணும்." வாத்தியார் இரும்புத் துண்டை, லேத்தில் சுழலும் பிடியான சக்கின் வாயில் வைத்து, அதற்கான இரும்புச் சாவியால் இறுக்குகிறார். உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைக்கிறார். விரல் பச்சைப் பொத்தானைத் தொடும்போது, தரையில் செருப்புகள் உரசுகின்றன. வகுப்பு மொத்தமும் பேச்சில்லாமல் இரண்டாகப் பிரிந்து சுவரோரம் ஒதுங்குகிறது. முன்வரிசைப் பெண் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். நம்மேல் இவ்வளவுதான் நம்பிக்கையா என்று அவர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கிறார். அப்புறம்தான், பலகையில் சிவப்புச் சாக்பீஸால் தானே எழுதிப்போட்டது உறைக்கிறது: சக்கில் சாவி இருந்தால் நேரே நிற்காதே, சுற்றியதும் தோட்டாவாகப் பறக்கும்.

சாவி சக்கிலேயே நிற்கிறது. அதற்கு நேரே அதிகாரி மட்டும்.

"என்ன வாத்தியாரே, கை அப்படியே நின்னுடுச்சு? மெஷின் ஓடாதா?"

வாத்தியார் விரலை எடுத்து, சாவியை உருவி, வெயிலில் காட்டுகிறார். "ஓடும் சார். இது உள்ள இருக்கறப்பவே ஓடியிருந்தா, இப்ப உங்க நெத்தியில இருக்கும். பசங்க அதுக்குத்தான் தள்ளி நிக்கறாங்க."

அதிகாரி சாவியைப் பார்க்கிறார், சுவரோரம் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறார். பேனாவை மூட மறந்து, மெல்ல நடந்துபோய் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறார். முன்வரிசைப் பெண் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள்.