தேறாத கை

“நடிக்கிறார்ம்மா! கொஞ்சமும் கூசாம நடிக்கிறார்!”

சிகிச்சை அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்த அம்மாள் போட்டு உடைத்தாள். பின்னால் வந்த கணவர், செருப்பைக் கழற்றும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் சலூன் கடைக்காரர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கடை பூட்டியே கிடக்கிறது.

எதிரே இருந்தவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கை விழுந்தவர்களைச் சாப்பிட, சட்டை போட, பார்த்த வேலையை மறுபடி பார்க்கப் பழக்குகிறவள். பல வருட அனுபவம். அது போதாதென்று, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் மேல்படிப்பு வேறு படிக்கிறாள். கொட்டாவி விடக்கூட நேரமில்லாத பிழைப்பு.

மரக்குச்சிகளை அடுக்கச் சொல்வதற்குப் பதில், அவரவர் தொழில் கருவியையே கையில் கொடுத்துப் பழக்கினால் கை சீக்கிரம் தேறும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதனால்தான் மேஜைமேல் முடியோடு ஒரு பொம்மைத் தலை, சீப்பு, கத்தரி.

ஆனால் இவரை மாதக்கணக்கில் பழக்கியும் பலனில்லை. கத்தரியை எடுப்பார், நழுவ விடுவார். “முடியலையேம்மா” என்பார்.

நாளைக்கு அவள் பேராசிரியர் முன்னால் போய் நிற்க வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“அப்படியெல்லாம் இருக்காதும்மா” என்றாள் தெரபிஸ்ட். “கை நல்லா இளகியிருக்கு, பிடிதான் வரலை. தப்பு என் முறையிலதான். அவரைத் திட்டாதீங்க.”

“பிடி வரலையா? ஷேவிங்கை இடது கையால பண்ணிக்கிறார்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! காலையில பாத்ரூம் கதவு சரியா சாத்தலை. பார்த்தா, வலது கையில ரேசரைப் பிடிச்சுக்கிட்டு மழமழன்னு இழுக்கிறார். மீசையை வேற ஒதுக்கறார்! எல்லாம் சோம்பேறித்தனம்மா. கடையைத் திறக்க உடம்பு வணங்கலை. நான் தையல் மெஷினை மிதிச்சு மிதிச்சுக் கால் வீங்கிக் கிடக்கேன்.”

“நிஜமாங்க?” என்று தெரபிஸ்ட் அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் இடது கையில் சீப்பை எடுத்தார், வலது கையில் கத்தரியை எடுத்தார். கிரிச் கிரிச்சென்று பொம்மையின் பின்னந்தலையில் முடி உதிர்ந்தது. பிசிறே இல்லாத வெட்டு.

தெரபிஸ்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“எப்போலேருந்து?”

“ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா.”

“ஏங்க மறைச்சீங்க? என் முறையே தப்பு, நான் படிக்கவே லாயக்கில்லைன்னு எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா? நீங்க நல்லாயிட்டாத்தானே எனக்கு டிகிரி!”

கத்தரி அந்தரத்தில் நின்றது.

“நான் நல்லானாத்தானா?”

“பின்னே?”

“அடக் கடவுளே!” என்று கத்தரியை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வலது கையாலேயே.

“என்னங்க உளர்றீங்க?” என்று மனைவி அதட்டினாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தெரபிஸ்டைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“அன்னிக்கு நீ போன்ல உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதியேம்மா... ‘ரெண்டு பேஷன்ட் பாதியிலேயே நின்னுட்டாங்க, இவரும் வர்றதை நிறுத்திட்டா என் படிப்பு அவ்வளவுதான்’னு. கை சரியாயிட்டா, இனிமே வர வேண்டாம்னு என்னை அனுப்பிடுவீங்களே! கடை எங்கேயும் ஓடிடாது, நீ பாஸ் பண்ற வரைக்கும் பேஷன்டாவே இருந்துடுவோம்னு நெனச்சேம்மா.”