சனிக்கிழமைக் கார்

தன் பெயரும் "பொலிஸ்" என்ற சொல்லும் அடுத்தடுத்துக் காதில் விழுந்ததும், சிவநேசன் கழுவிக்கொண்டிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது. குசினிக்கு வெளியே, நடையில் யாரோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எட்டிப் பார்த்தான். யோனா! சுவரைப் பார்த்து நின்றபடி ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தான்.

"ஆள் இங்கேதான் இருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது," என்றான் ஆங்கிலத்தில். "நாங்களே கொண்டுவந்து சேர்க்கிறோம்."

பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், அன்று சனிக்கிழமை அல்லவா?

ஜெனீவா ஏரிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அந்த யூத மதப் பாடசாலையில் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று ஒருவரும் தொலைபேசியைத் தொடமாட்டார்கள், கார் ஏறமாட்டார்கள், ஒரு விளக்கைக்கூடப் போடமாட்டார்கள். விளக்கைப் போடு என்று சிவநேசனிடம் வாய்விட்டுக் கேட்பதும் கூடாதாம். "இங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார்கள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவான். ஒருவர் சாகக் கிடந்தால் மட்டும் அந்த விதிகள் விலகும். தை மாதம் ஒரு மாணவன் குடல்வால் வெடித்துத் துடித்தபோது, தலைமைக் குருவான ரபியே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

யோனா மான்செஸ்டர் பையன். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் போகுமுன் ஒரு வருடம் மறைநூல் படிக்க வந்தவன். படித்து அலுத்தால் குசினிக்கு வந்து தமிழ்ச் சொல் பொறுக்குவான். தண்ணி, சோறு, அண்ணை, சரியான குளிர்.

வியாழக்கிழமையும் வந்தான். "உங்களைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும்?" என்று கேட்டான். சிவநேசனும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அகதி மனு தள்ளுபடியானது, ஊரில் அண்ணனின் தலையில் சாக்கைப் போட்டு ஆமி வாகனத்தில் ஏற்றியது, அண்ணன் திரும்பி வராதது, இப்போது தன்னைத் தேடுவது. இங்கிலீஷ் முட்டிய இடத்தில் "உயிர்" என்று தமிழிலேயே சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். யோனா அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்.

சொன்னது எவ்வளவு மடத்தனம் என்று இப்போதுதான் உறைத்தது.

சிவநேசனோடு குசினியில் வேலை செய்கிற தம்பித்துரை, வெறும் கோப்பித் தட்டத்தோடு முன்மண்டபத்திலிருந்து வந்தார்.

"தம்பி, முன்னுக்கு ரெண்டு பொலிஸ்காரர் வந்து நிக்கினம். உன்ர பேரைத்தான் சொல்லிக் கேக்கினம்."

"ரபி என்ன சொன்னவர், அண்ணை?"

"பிரார்த்தனை முடியட்டும், அதுவரைக்கும் கோப்பி குடியுங்கோ எண்டு கதிரை போட்டு இருத்திப்போட்டார். பேந்து அந்தப் பெடியனைக் கூப்பிட்டுக் காதுக்குள்ள என்னவோ சொன்னவர்."

"அப்ப காட்டிக் குடுத்திட்டினமோ?"

தம்பித்துரை தட்டத்தையே பார்த்தார். "அவையும் இந்த நாட்டில சீவிக்கிற ஆக்கள்தானே தம்பி. எங்களுக்காண்டி ஏன் கரைச்சல்படப் போகினம்?"

யோனா உள்ளே வந்தான். கையில் சிவநேசனின் குளிர்க்கோட்டு.

"போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் என்னோடு வாருங்கள்."

"எங்கே?"

யோனா அவன் முகத்தைப் பார்க்காமல் பின்கதவைத் திறந்தான்.

ஓடலாம்தான். ஆனால் ஓடி எங்கே போவது? வெளியே முழங்காலளவு பனி, அதற்கப்பால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. சிவநேசன் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தான்.

பின்முற்றத்தில் கார் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ரபி. பிரார்த்தனைச் சால்வையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார்.

யாருக்காவது வருத்தமோ, ஆஸ்பத்திரிக்கோ என்று சிவநேசன் பின் இருக்கையைப் பார்த்தான். அங்கே ஒரு கம்பளியைத் தவிர ஒன்றுமில்லை.

"கீழே படுங்கள்," என்று யோனா கம்பளியை அவன் தலைக்கு மேலே இழுத்து மூடிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டான்.

ஒரே இருட்டு. அண்ணனும் இப்படித்தான் போனான். சிவநேசன் நல்லூர் முருகனை நினைத்தான். அதற்குமேல் எதையும் நினைக்க முடியவில்லை.

கார் சந்திக்கு வந்ததும் அவனுக்குத் தெரிந்தது. இடப்பக்கம் இறங்கினால் நகரம், பொலிஸ் நிலையம். வலப்பக்கம் ஏறினால் வெறும் காடு. கார் வலப்பக்கம் திரும்பி ஏறத் தொடங்கியது.

காட்டுக்குள் என்னத்துக்கு?

கம்பளியை உதறி எறிந்துவிட்டு எழும்பினான். பின்கண்ணாடி வழியே, மரங்களுக்கு நடுவில் பாடசாலைக் கூரை சிறுத்துக்கொண்டே போனது.

"யோனா, உண்மையைச் சொல்லு! சனிக்கிழமையில நீ ரெலிபோன் எடுக்கிறாய், ரபி கார் ஓடுறார். இதுக்குள்ள வருத்தக்காரர் ஒருத்தரும் இல்லை. ஆர் இப்ப சாகக் கிடக்கினம்?"

பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஆனாலும் யோனாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவன் மெல்லத் திரும்பினான். பிறந்த நாளிலிருந்து சனிக்கிழமையில் சுவிட்சைத் தொட்டறியாத அந்தக் கைகளால் முன் இருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டான். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, குசினியில் பொறுக்கிய சொற்களைத் தேடி எடுத்தான்.

"உங்கட உயிர், அண்ணை."