புத்தி இரண்டு

கிழவனைக் கொன்றுவிடுவதென்று பெரியநாயகம் முடிவு செய்துவிட்டார்.

"தேனும் சாமைச் சோறும் தர்றேங்கறான். தரட்டுங்க. நான் வாளை உருவியாச்சு" என்று உள்ளங்கையில் பகடையைக் குலுக்கினார்.

எதிரில் உட்கார்ந்திருந்த அற்புதம் டீச்சருக்கு மனம் வரவில்லை. "கையெடுத்துக் கும்பிட்டு ஊட்டுக்குக் கூப்பிடறவரைப் போய் ஏனுங்க சார் வெட்டணும்?"

"வெட்டுனா பத்துப் புள்ளி. சோறு தின்னா என்ன கெடைக்கும்?"

லண்டனிலிருந்து அற்புதத்தின் தம்பி அனுப்பிய விளையாட்டு அது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் அதற்குள் புகுந்து நடக்க வேண்டும். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும்.

இங்கிலீஷ் விதிகளைத் தமிழுக்கு மாற்றியவர் மாதேஸ்வரன். ஏற்காட்டில் அவர்கள் மூவரும் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவர்தான் தமிழாசிரியர். ஆட்டம் நடந்ததும் அவருடைய வாடகை வீட்டில்தான். நீளக்காது வனவாசிகளைக் கந்தர்வர்களாக்கினார். சுரங்கம் தோண்டும் குட்டையர்களைச் சித்திரக்குள்ளர்களாக்கினார். மந்திரவாதியின் உயிர் கிளிக்குள் இருப்பதால், கிளி அகப்படும்வரை எந்தப் பகடைக்கும் அவன் சாகமாட்டான் என்றொரு விதி எழுதினார். அதில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

பச்சைத்தோல் அரக்கர் கூட்டம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. எத்தனை பேரைக் கொன்றாலும் யாரும் ஏனென்று கேட்காத கூட்டம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

"மலைக்காட்டான்னு போடுங்க சார். கம்பளியைப் போத்தி, கையில ஒரு அரிவாளைக் குடுத்தா ஆச்சு" என்று சொன்னது பெரியநாயகம். கணக்கு வாத்தியாரான அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்.

மாதேஸ்வரனின் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவரும் சிரித்துவிட்டு எழுதினார். மலைக்காட்டான்: பலம் பன்னிரண்டு, புத்தி இரண்டு. கொன்றால் பாவமில்லை.

அந்தக் கூட்டத்துத் தலைவன்தான் இப்போது வாளுக்கு முன்னால் நிற்கும் கிழவன். அவனுக்குக் குரல் கொடுப்பது கதை சொல்லும் மாதேஸ்வரனின் வேலை. "வாங்க சாமி, மழையில நனையாதீங்க, நம்ம ஊடு பக்கந்தானுங்க" என்று அவர் தொண்டையைக் கரகரப்பாக்கி இழுத்தபோது பெரியநாயகம் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அச்சு அசலா இருக்குதுங்களே. எங்க புடிச்சீங்க சார்?"

"மலைக்கிராமத்துக்குப் போற செம்மநத்தம் பஸ்ஸுல ஏறி உக்காந்தாப் போதுமுங்க" என்றார் மாதேஸ்வரன்.

அற்புதம் விடவில்லை. "நீங்கதானே விதி எழுதினீங்க? கிழவரை விட்டுடலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாங்க கேட்டுக்கறோம்."

இருவரும் அவர் வாயைப் பார்த்தார்கள். இப்போது போய் இரக்கப்பட்டால், உங்களுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று ஒரு கேள்வி வரும்.

"விதிப்படி வெட்டலாமுங்க" என்றார்.

பகடை உருண்டது. பெரியநாயகம் கேட்டுக்கொண்டதற்காக மாதேஸ்வரன், கிழவன் சாகும்போது அழுத அழுகையையும் அதே குரலில் அழுது காட்டினார். அற்புதத்துக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாசலில் யாரோ இருமினார்கள்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே, மூடுபனியில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தலையில் முண்டாசு, தோளில் பலாப்பழம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மாதேஸ்வரன் அவரைப் பார்த்த வேகத்தில் பார்வையைப் பகடைக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருய்யா? என்ன வேணும்?" என்றார் பெரியநாயகம்.

பெரியவர் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் ஊடு இதுங்களா?"

"அது கீழ் ரோட்டுல."

"தெரியாம வந்துட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அற்புதத்தின் முகம் வாடிவிட்டது. "பாவம், நாம பேசினதையெல்லாம் கேட்டிருப்பார்."

"கேட்டா என்னங்க, புரியவா போகுது?" பெரியநாயகம் பகடையை நீட்டினார். "அடுத்த ஆட்டம் யாரு?"

மாதேஸ்வரன் எழுந்தார். "மழை வர்ற மாதிரி இருக்குது. அவருக்கு வழி காட்டிட்டு வந்துடறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். முற்றம் தாண்டும்வரை நடந்தவர், பிறகு ஓடினார்.

பெரியவர் கீழ் ரோட்டுப் பக்கமே போகவில்லை. வாழவந்தி கிராமத்துக்குப் போகும் பாதையில், சவுக்கு மர வளைவில் மாதேஸ்வரன் அவரைப் பிடித்தார்.

"அது சும்மா ஆட்டத்துக்குங்க" என்றார். விரித்த குடையைப் பெரியவர் தலைக்கு மேல் பிடிக்க வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை.

பெரியவர் பலாப்பழத்தை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். யாராவது பின்னால் வருகிறார்களா என்று வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன்னப் பெத்தவன்னு நான் காட்டிக்கல சாமி, நீ உள்ள போ."