மைனஸ் நாலைவிடச் சிறுசு

"டீச்சர், அது தப்புங்க."

ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து பூவிழி எழுந்து நின்றாள்.

தலைமையாசிரியர் சென்னப்பனுக்குப் பகீரென்றது. தர்மபுரியிலிருந்து வந்த கல்வி அலுவலர் வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கணக்கு டீச்சர் வகுப்பைப் பாருங்கள் என்று பெருமையாக அழைத்து வந்ததே சென்னப்பன்தான்.

பலகையில் −3x > 12 என்று எழுதி, அதன் கீழே x > −4 என்று விடை போட்டிருந்தார் கோகிலவாணி டீச்சர்.

உட்காரு என்று சென்னப்பன் கண்ணைக் காட்டினார். பூவிழி உட்காரவில்லை.

எங்கே தப்பு என்று அலுவலர் கேட்டார்.

"x-க்குப் பூஜ்யம் போட்டுப் பாருங்க சார். பூஜ்யம், மைனஸ் நாலைவிடப் பெரிசுதான். ஆனா மேல இருக்குற கணக்குல போட்டா, பூஜ்யம் பன்னெண்டைவிடப் பெரிசுன்னு வருது. மைனஸ் அஞ்சு போட்டா பதினஞ்சு வருது, அது சரியா இருக்குது. மைனஸால வகுத்தா குறி திரும்பணுங்க. x, மைனஸ் நாலைவிடச் சிறுசு."

அலுவலர் பலகையைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

சென்னப்பன் முந்திக்கொண்டார். டீச்சர் எப்போதும் இப்படித்தான், பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமென்றே தப்பாகப் போடுவார் என்றார்.

அலுவலரின் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல முறை, மற்ற பள்ளிகளிலும் சொல்கிறேன் என்று டீச்சரைப் பாராட்டினார். பிள்ளைகள் டீச்சருக்காகக் கைதட்டினார்கள். சென்னப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பூவிழியின் முகம் சுருங்கிப் போயிற்று. டீச்சருக்குத் தெரிந்ததைத்தானா இவ்வளவு நேரம் நீட்டி முழக்கினோம் என்பதுபோல மெல்ல உட்காரப் போனாள்.

கோகிலவாணி அதைக் கவனித்தார். விடையை அழித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கையில் கொடுத்தார். பூவிழி x < −4 என்று எழுதினாள்.

விட்டுவிடுங்கள் என்று சென்னப்பன் கண்ணாலேயே கெஞ்சினார்.

கோகிலவாணி அலுவலர் பக்கம் திரும்பினார்.

"வேணும்னு போடலைங்க சார். நான் நிஜமாவே தப்பாத்தான் போட்டேன். அந்தக் கைதட்டல் இந்தப் புள்ளைக்குச் சேர வேண்டியது."