ஓயாத எச்சரிக்கை

"என்னம்மா, இடம் காலியாச்சா?"

வாசலிலேயே கேட்டார் மொன்சிஃப், ஸ்ஃபாக்ஸ் நகரத் தனியார் மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவுத் தலைவர். அங்குள்ள சர்வர்கள் அனுப்பும் எச்சரிக்கைகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ், பெருநாள் முடிந்ததிலிருந்தே ஊதிக்கொண்டே போனது.

"முக்கால்வாசி காலி சார்" என்றாள் அதைப் பராமரிக்கும் ரவ்தா. "ஒரே எச்சரிக்கை லட்சக்கணக்குல குவிஞ்சிருந்துச்சு. மொத்தத்தையும் அழிச்சுட்டு, இனிமே உள்ளயே வராம தடுத்துட்டேன்."

"வயித்துல பாலை வார்த்தே!" பேரீச்சம்பழ இனிப்பான மக்ரூத் இருந்த பெட்டியைத் திறந்து நீட்டினார். "எடுத்துக்க, வீட்டுல செஞ்சது."

அவள் ஒன்றைக் கடிப்பதற்குள் உதவிப் பொறியாளர் ஹம்தி ஓடி வந்தான்.

"சார், நோயாளிங்க விவரம் இருக்கற சர்வர் படுத்துடுச்சு! டிஸ்க்கே போச்சு. ஆபரேஷனுக்குப் படுக்க வெச்ச ஆளுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு தெரியாம டாக்டர் கத்தறார்!"

"அதுக்கேன்டா பதறறே? நேத்து எடுத்த பேக்கப்பை ஏத்து."

ரவ்தாவின் கையிலிருந்த மக்ரூத் தரையில் விழுந்தது.

"நேத்து எடுக்கலை சார். பெருநாள்லேர்ந்தே எடுக்கலை."

"யார் சொன்னா?"

"அந்த எச்சரிக்கைதான். 'பேக்கப் தோல்வி, மறுபடி முயல்கிறேன்'னு விடாம சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. தடுக்கறதுக்காக அந்த வரியை நானே டைப் அடிச்சேன். இப்பத்தான் உறைக்குது."

"படிச்சுப் பார்க்க மாட்டே?" மொன்சிஃப் அலறினார்.

"படிக்கத்தான் சார் உட்கார்ந்தேன். 'படிச்சுக்கிட்டிருக்காதே, முதல்ல அது வாயை அடை'ன்னு காலைல பக்கத்துலயே நின்னு சொன்னது நீங்கதானே?"