சுருட்டிய பேப்பர் மேல் ஹெட்மாஸ்டர்

“இந்த வாரம் ஒன்பது பழைய பேப்பரைச் சுருட்டி நிறுத்தி, மேலே பலகை வைத்து, நம் ஹெட்மாஸ்டரையே அதன்மேல் ஏற்றி நிறுத்தினேன்” என்று அறிவியல் கண்காட்சிக்கான தன் வாரக் குறிப்பை வகுப்பில் வாசித்துவிட்டு அந்த மாணவி நிமிர்கிறாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். சாக்பீஸ் தூள்கூடக் கீழே இறங்கப் பயந்து வெயிலில் தொங்குகிறது. புதன்கிழமை அதைக் கண்ணால் பார்த்த நாற்பது வாய்களும் பூட்டிக் கிடக்கின்றன. கண்கள் மட்டும் அவளைச் சுட்டுப் பொசுக்குகின்றன. அவர்கள் பேப்பரில் கட்டியதெல்லாம் ஒரு புத்தகப் பையின் பாரத்துக்கே குப்புற விழுந்த வயிற்றெரிச்சல் அது. அன்று லீவில் இருந்த அறிவியல் டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார். “ஹெட்மாஸ்டரா? அவர் உட்கார்ந்தா இரும்பு நாற்காலியே முனகுது! புளுகுறவளுக்குக் கண்காட்சியில இடம் கிடையாது. லீடர், நீ சொல்லுடா.” “சுத்தப் பொய் மிஸ்” என்கிறான் லீடர், சிரிப்பைப் பல்லிடுக்கில் மென்றபடி. அவள் அழவில்லை, நோட்டின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டு அவனையே முறைக்கிறாள். டீச்சரின் பேனா முனை தாளைத் தொட்டு நிற்கிறது. “எதுக்கும் லீடர், நீயே போய் ஹெட்மாஸ்டரைக் கூட்டிட்டு வா, கேட்டுடலாம்.” லீடரின் காது சிவக்கிறது. எழுந்தவன் நகரவில்லை. “வேணாம் மிஸ்... நின்னாரு. இறங்கறப்ப நான்தான் கை குடுத்தேன்.”